சூட் அறைக்குக் கட்டிய காசும் குறைந்துபோன சலுகைகளும்: ஒரு டர்பன் கப்பல் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

புகார் எதைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பல் ஏறி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு வழியாக மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் வரை போய், அங்கிருந்து விமானத்தில் வீடு திரும்பும் பயணம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதி அதில் சூட், அதாவது தனிச் சலுகைகளோடு வரும் உயர்வகை அறை, எடுத்திருந்தார்கள். கப்பலில் வாந்தியும் பேதியும் பரவியிருந்தது. நோய்த்தடுப்பு என்று சொல்லி, சூட்டுக்கு உரிய சலுகைகளில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டார்கள். ஊர் திரும்பியதும் தம்பதி பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டார்கள். "எல்லாம் உங்கள் ஆரோக்கியத்துக்காகச் செய்தது, ஈடு கிடையாது" என்று கம்பெனி பதில் எழுதியது. இரண்டாவது கடிதம் எழுத உதவி கேட்டு என்னிடம் வந்தபோதுதான் இந்தக் கோப்பைப் பார்த்தேன். கம்பெனியின் பெயரும் இவர்கள் பெயரும் இங்கே தேவையில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அங்கிள், ஆன்ட்டி என்றே எழுதுகிறேன்.

அங்கிள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முதல் கடிதத்தை எழுதியவர் அவர்தான். நான்கு பக்கம், முழுக்க முழுக்கக் கோபம். ஆன்ட்டி ஆஸ்பத்திரி வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டு சார்ட் எழுதும் பழக்கத்தில், கப்பலில் நடந்ததையெல்லாம் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். கடைசியில் புகாரைத் தாங்கியது அந்த நோட்டுதான்.

முதல் கடிதம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு என் கணிப்பு இது. நிறுத்தப்பட்ட சலுகைகள் எல்லாம் ஒரு ரகம் இல்லை. சிலவற்றை நிறுத்தாமல் கிருமியைக் கட்டுப்படுத்தவே முடியாது. சில, வேலைக்கு ஆள் இல்லாமல் நின்றுபோனவை. மிச்சம் சில, கிருமியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், இந்தச் சந்தடியில் கம்பெனி தன் வசதிக்காகக் கைவிட்டவை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அங்கிள் அனுப்பினார். கம்பெனியும் முதல் ரகத்துக்கான பதிலை மூட்டை முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

சூட் என்றால் என்ன வாங்கினார்கள்

ஜன்னல் இல்லாத சாதாரண உள்அறைக் கட்டணத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் கட்டியிருந்தார்கள். கல்யாண நாளுக்காகப் பிள்ளைகளும் பங்கு போட்டிருந்தார்கள். அறை பெரிதுதான், பால்கனி உண்டு. ஆனால் அந்தக் காசில் பெரும்பங்கு சேவைக்கு. வரிசையில் நிற்காமல் கப்பல் ஏறலாம், இறங்கலாம். அறை வேலைகளைக் கவனிக்க ஒரு பட்லர். சூட் பயணிகளுக்கு மட்டும் ஒரு சின்ன ரெஸ்டாரன்ட். காபி மெஷின், சிற்றுண்டி, பத்திரிகை எல்லாம் வைத்த தனி லவுஞ்ச். ஸ்பாவில் வெந்நீர்க் குளமும் நீராவி அறையும் இலவசம். சிறப்பு உணவகத்தில் இரண்டு இரவுச் சாப்பாடு. அறை ஃப்ரிட்ஜில் தினமும் குளிர்பானம் நிரப்பித் தருவார்கள்.

இவை தவிர மின்னஞ்சலில் ஒரு வரி உண்டு. தைப்பூசக் காவடி விரதம் முடிந்த கையோடு கிளம்புகிறோம், இன்னும் ஒரு வேண்டுதல் பாக்கி இருப்பதால் பயணம் முழுவதும் சைவம், மாட்டிறைச்சி பட்ட கரண்டியோ பாத்திரமோ எங்கள் சாப்பாட்டில் படக்கூடாது என்று ஆன்ட்டி முன்பே எழுதியிருந்தார். சூட் ரெஸ்டாரன்ட் சமையலறையில் தனியாகச் செய்து தருகிறோம் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை அவர் அச்செடுத்து வைத்திருந்தார். நல்ல வேளை.

நடந்தது

ஏறும் நாளன்று டர்பன் டெர்மினலில் சூட் பயணிகளும் மற்றவர்களோடு உட்கார்ந்து காத்திருந்தார்கள். கப்பலை இன்னும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். ஆளுக்கொரு படிவம்: கடந்த சில நாட்களில் வாந்தி, பேதி இருந்ததா? எல்லாரும் "இல்லை" கட்டத்தில் டிக் போட்டார்கள். "உண்மையைச் சொன்னால் ஏற்றமாட்டார்களே, யார் சொல்லுவார்?" என்று ஆன்ட்டி நோட்டில் எழுதியிருக்கிறார்.

அறைக்குள் போனதும் மேசைமேல் ஒரு கடிதம். முந்தைய பயணத்தில் சிலருக்குக் குடல் நோய் அறிகுறிகள் இருந்தன, அதனால் உயர்நிலைத் தடுப்பு நடவடிக்கையோடு பயணம் தொடங்குகிறது என்று அதில் இருந்தது. கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. சிப்பந்திகள் இந்த நிலையை "கோட் ரெட்" என்பார்கள். மேசையிலிருந்து உப்பு, மிளகுக் குப்பிகள் போய்விட்டன, காகிதப் பொட்டலம்தான். நூலகம் பூட்டு. சீட்டுக்கட்டு, கேரம் கிடையாது. லிஃப்ட் பித்தானையும் கைப்பிடிகளையும் ஒருவர் துடைத்தபடியே இருந்தார். தாழ்வாரம் எங்கும் குளோரின் வாடை.

மூன்றாம் நாள் சூட் ரெஸ்டாரன்ட் மூடப்பட்டது. எல்லாரும் பொது உணவுக்கூடத்துக்கோ பஃபேக்கோ போகவேண்டும். பட்லர் அறைக்குள் வருவதில்லை. அன்றே ஸ்பாவும் நின்றது. சிறப்பு உணவகத்தில் பதிவு செய்திருந்த இரண்டு இரவுகளும் ரத்து. ஃப்ரிட்ஜ் காலி.

எது கிருமியின் கணக்கு

இப்படிப்பட்ட கப்பல் நோய்களில் பெரும்பாலும் குற்றவாளி நோரோவைரஸ். 1968-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் பரவிய வாந்திநோயிலிருந்து வந்த பெயர். கிருமியைக் கண்டுபிடித்தது 1972-ல். உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தொடங்கும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் நிற்கும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவதுதான் பயம். சூட்டில் வருபவர்களில் பலர் வயதானவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வைரஸின் துகள்கள் நூற்றுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். வைரஸின்மேல் கொழுப்புறை இல்லாததால் ஆல்கஹால் சானிடைசர் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் மருந்து. பரப்புகளைத் துடைக்க லிட்டருக்கு 1000 முதல் 5000 மில்லிகிராம் வரை குளோரின் உள்ள கரைசல் வேண்டும். நோய் நின்ற பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். உணவுக்கூட வாசலில் ஆடிப்பாடி சானிடைசர் தெளிக்கும் பையனைப் பார்த்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, பக்கத்திலே ஒரு வாஷ்பேசின் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று ஆன்ட்டி சொன்னாராம்.

இதை வைத்துப் பார்த்தால் லவுஞ்ச் காபி மெஷினை மூடியது சரி. கறுப்புக் குப்பைப் பையைப் போர்த்தி டேப் சுற்றியிருந்தார்கள். அங்கிளுக்கு அதுதான் பெரிய அவமானமாகப் பட்டது. முதல் கடிதத்தில் ஒரு முழுப் பத்தி. சூட் லவுஞ்ச் சின்ன இடம். அதே கொஞ்சம் பேர் நாள் முழுவதும் வந்து அதே பித்தானை அழுத்துவார்கள், அதே இடுக்கியால் அதே கேக்கை எடுப்பார்கள். பொது பஃபேயைவிட அங்கே ஒரே பொருளை ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பத் தொடுவது அதிகம். தானே எடுத்துக்கொள்ளும் வசதி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சிப்பந்தி எடுத்துக் கொடுப்பது என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. முதல் நாள் ஒரு காபி வர இருபது நிமிஷம் ஆனதாம். பிறகு பழகிவிட்டது. ஆன்ட்டி இதை நஷ்டக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வெந்நீர்க் குளமும் அப்படித்தான், ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றாலே அதை மூடவேண்டியதுதான்.

பட்லர் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரு பட்லர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு சூட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறவர். துணியை மடிப்பார், கிளாஸை எடுப்பார், ஃப்ரிட்ஜைத் திறப்பார். ஒரு சூட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் கிருமியை மற்ற சூட்டுகளுக்குக் கொண்டுபோக அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆக, அவர் அறைக்குள் வராமல் வாசலில் ஸ்டூல்மேல் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டியது நோய்த்தடுப்புதான். "ஐசோலேஷன் ரூம் வாசல்லே நாங்களும் அப்படித்தானே வைப்போம்" என்றார் ஆன்ட்டி. ஆனால் நான்காம் நாளிலிருந்து வாசலுக்கும் யாரும் வரவில்லை. சூட் பகுதிச் சிப்பந்திகள் இரண்டு பேர் நோய் வந்து அடைபட்டிருந்தார்கள், மீதிப் பேரைக் கைப்பிடி துடைக்க அனுப்பிவிட்டார்கள். இது ஆள் பற்றாக்குறை. நோய் வந்த சிப்பந்தியை வேலைக்கு விடக்கூடாது என்பது சரியான விதி. உணவைக் கையாளுகிறவர் என்றால் அறிகுறி நின்றபிறகும் 48 மணி நேரம் ஒதுங்கியிருக்க வேண்டும். அதற்காக, பட்லர் சேவைக்கென்று தனியாக வாங்கிய காசு கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது.

சைவச் சாப்பாடு

என்னைக் கேட்டால் இந்தக் கோப்பில் உண்மையான குறை இதுதான். அங்கிளின் நான்கு பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு வரி.

சூட் ரெஸ்டாரன்டை ஏன் மூடினார்கள்? அங்கே யாரும் தானே எடுத்துச் சாப்பிடுவதில்லை. மேசைக்கு வந்து பரிமாறுகிறார்கள். கூட்டமும் கிடையாது. நோய்ப் பரவல் என்ற கண்ணோட்டத்தில் கப்பலிலேயே ஓரளவு பாதுகாப்பான சாப்பாட்டு இடம் அது. அதை மூடி, அந்தப் பரிமாறுபவர்களை பஃபே கவுன்டருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பஃபேயில் எடுத்துக்கொடுக்க ஆட்கள் வேண்டும், ஆட்கள் இல்லை. அதாவது சூட்டுக்காரர்கள் காசு கட்டிய ஆட்களை வைத்துக் கப்பலின் பொதுத் தேவையைச் சமாளித்தார்கள். கேப்டன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் கம்பெனியின் பதிலில் இதற்கும் "சுகாதாரக் காரணம்" என்றே எழுதியிருந்தது.

மூடியதோடு சைவ ஏற்பாடும் போயிற்று. பொது உணவுக்கூடத்தில் அந்த மின்னஞ்சலைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை பஃபே கவுன்டரில் நின்று பார்த்ததை ஆன்ட்டி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "7.40. நீலக் கையுறை. மாட்டுக்கறிக்கும் காய்க்கும் ஒரே இடுக்கி. கையுறையை மாற்றவில்லை, அதே கையால் தன் முகக்கவசத்தை இழுத்துவிட்டார்." விரதக்காரராக ஒரு குறை, சிஸ்டராக இன்னொரு குறை, இரண்டும் ஒரே பதிவில். கையுறை போட்டுவிட்டால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்; மாற்றாத கையுறை கழுவாத கைதான். அதற்குப் பிறகு பெரும்பாலும் ரொட்டி, பழம், அறையில் வைத்திருந்த மிக்சர், முறுக்கு. அந்தக் கட்டணத்துக்கு முறுக்கு சாப்பிட்டோம் என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

சிறப்பு உணவக இரவுகள் ரத்தானதும் இதே ரகம். அங்கேயும் மேசைக்கு வந்து பரிமாறுவதுதான் வழக்கம். தவிர, தனியாகக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு அது திறந்திருந்தது. இலவச இரவுகளை மட்டும் நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜில் மூடி திறக்காத குளிர்பானப் புட்டியை வைப்பதற்கும் நோரோவைரஸுக்கும் என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அங்கிளின் பங்கு

ரீயூனியனுக்கு முந்தைய இரவு அங்கிள் ஒருமுறை வாந்தி எடுத்தார், பேதியும் இருந்தது. மறுநாள் கரையில் இறங்க விடமாட்டார்கள் என்று வயிற்றைக் கட்டும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். ஆன்ட்டி விடியும்வரை பொறுத்து மருத்துவ அறைக்குப் போன் செய்துவிட்டார். அறிகுறி நின்று குறைந்தது 24 மணி நேரம் ஆகும்வரை அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். ரீயூனியன் போச்சு. இதையும் முதல் கடிதத்தில் நஷ்டமாகக் காட்டியிருந்தார். இரண்டாவது கடிதத்தில் அந்த வரியை எடுத்துவிட்டோம். மருத்துவ அறைப் பதிவில் அறிகுறி தொடங்கிய நேரமும் சொன்ன நேரமும் இரண்டும் இருக்கும், அதை வைத்துக் கம்பெனி மொத்தப் புகாரையும் ஆட்டிவிடும்.

கேப்டன் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு இந்தக் கடல் வழியிலேயே உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் கேப் டவுனிலிருந்து புறப்பட்ட நார்வீஜியன் டான் கப்பலில் பதினைந்து பேர் அளவில் வயிற்று நோய் என்றதும் ரீயூனியன் உள்ளே விடவில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் காலரா பரவியிருந்த நேரம் அது. மொரிஷியஸும் முதலில் மறுத்தது. 2000-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கப்பல் போர்ட் லூயிஸுக்கு வெளியே நின்றது. மாதிரி எடுத்துச் சோதித்து, காலரா இல்லை என்று தெரிந்த பிறகே துறைமுகத்துக்குள் விட்டார்கள். சர்வதேச சுகாதார விதிகளின்படி, கப்பலில் வழக்கத்தைவிட நோயாளிகள் அதிகமா என்று கேப்டன் கையெழுத்திட்டுச் சொல்லவேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் 1975 முதல் இருக்கும் சுகாதாரத் திட்டம், பயணிகளிலோ சிப்பந்திகளிலோ 2 சதவீதம் பேருக்கு வந்தாலே தனி அறிக்கை கேட்கிறது. 3 சதவீதம் என்றால் பொதுவில் வெளியிடுகிறது. டர்பனுக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே கையேட்டைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு துறைமுகம் கதவைச் சாத்தினால் ஆகும் செலவுக்கு முன்னால் சூட் லவுஞ்ச் காபி எம்மாத்திரம்.

இரண்டாவது கடிதம்

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ன் 68-ஆம் எண் சட்டம். அதில் 54-ஆம் பிரிவு: மக்கள் பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய தரத்தில் சேவை கிடைக்கவேண்டும், கிடைக்காவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, குறையின் அளவுக்கேற்ப விலையில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கலாம். அந்தத் தரத்தை அளக்கும்போது சேவை நடந்த சூழ்நிலையையும் முன்பே ஒப்புக்கொண்ட குறிப்பான நிபந்தனைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சூழ்நிலை என்பது கம்பெனிக்குச் சாதகம், குறிப்பான நிபந்தனை என்பது ஆன்ட்டிக்குச் சாதகம். அச்செடுத்து வைத்த மின்னஞ்சலின் மதிப்பு இங்கேதான். வெளிநாட்டுக் கம்பெனி என்றாலும் வியாபாரம் இந்த நாட்டுக்குள் நடந்திருந்தால் சட்டம் செல்லும். டிக்கெட் வாங்கியது டர்பனில். "முன்னறிவிப்பின்றி எதையும் மாற்றுவோம்" என்ற டிக்கெட் வாசகத்துக்கு 49-ஆம் பிரிவு உண்டு: பொறுப்பைக் குறைக்கும் வாசகம் என்றால் எளிய மொழியில், கண்ணில் படும்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். காபி மெஷின், ஸ்பா, டெர்மினலில் காத்திருந்தது, ரீயூனியன் எதையும் கேட்கவில்லை. அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டோம், ஆன்ட்டி பிடிவாதமாக அப்படித்தான் வேண்டும் என்றார். கேட்டவை: ரத்தான இரண்டு இரவுச் சாப்பாடு, ஃப்ரிட்ஜ், பட்லர் வராத நாட்கள், சூட் ரெஸ்டாரன்ட் மூடியிருந்த நாட்கள், எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிட்ட சைவ ஏற்பாடு. கடைசியாக ஒரு கேள்வி: முந்தைய பயணத்திலேயே நோய் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருந்தும், ஏறுவதற்கு முன் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்காவது வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள், அல்லது பயணத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

இந்தமுறை பதிலில் தொனி மாறியிருந்தது. இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் உரிய பணம் கார்டுக்குத் திரும்பி வந்தது. ரெஸ்டாரன்ட் மூடியிருந்த நாட்களுக்குக் கட்டண வித்தியாசத்தில் ஒரு பகுதி ரொக்கமாக. எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று விளக்கவில்லை. பட்லருக்கு அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவு. அங்கிள் அதை வேண்டாம் என்று எழுதச் சொன்னார், ஆன்ட்டி இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். சைவ ஏற்பாட்டுக்கு மன்னிப்பு மட்டும். ஏறுவதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து, நோட்டின் நகலையும் இணைத்து, தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.